சிறு குழந்தையோடு கப்பல் பயணம்: உள்கதவுள்ள இரண்டு அறைகளை முன்பதிவு செய்யும் முறை

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விமானச் சீட்டு போட்டுத் தரும் முகவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். சொகுசுக் கப்பலுக்கும் அவர்களே பதிவு செய்து தருகிறார்கள். ஆனால் பெரும்பாலோர் விற்பது மூன்று இரவு, நான்கு இரவு என்று கட்டி வைத்த தொகுப்புகளைத்தான்; எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவில் கதவு இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் திரையில் வருவதில்லை. எங்கள் முகவர் ‘பக்கத்துப் பக்கத்து அறை, கவலையே வேண்டாம்’ என்று சொல்லித்தான் பதிவு செய்தார். உறுதிச் சீட்டில் இருந்த இரண்டு எண்களைக் கப்பலின் வரைபடத்தில் தேடிய பிறகே, இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் சுவர் என்று தெரிந்தது. அதை மாற்றுவதற்குள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. இரண்டு அறை தேவையா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

கப்பலில் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. அதிலும் ஓர் அறையின் முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம். ஓர் அறையில் ஒருவர் மட்டுமே தங்கினாலும் பெரும்பாலும் இருவருக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். இந்த மூன்று விதிகளும் சேர்ந்துதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கின்றன.

ஆளுக்கு 30,000 ரூபாய் என்றும், மூன்றாவது ஆளுக்கு அதில் பாதி என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஒரு குழந்தை மூவரும் ஒரே அறையில் தங்கினால் 75,000 ரூபாய். அதே மூவர் இரண்டு அறை எடுத்தால், தாயும் குழந்தையும் ஓர் அறையில் 60,000, தந்தை மட்டும் இருக்கும் அறைக்கு இன்னொரு 60,000, ஆக 1,20,000 ரூபாய் ஆகிவிடும். ஆனால் அந்த 1,20,000 ரூபாயில் நான்காவது ஆளாகப் பாட்டியும் வந்துவிடலாம்; அவருக்காகக் கூடுதலாகத் தர வேண்டியவை துறைமுக வரியும் பணியாளர் இனாமும் மட்டுமே. ஆகவே மூவர் மட்டும் போவதாக இருந்தால், திரைச்சீலையால் பிரிக்கக்கூடிய சற்றுப் பெரிய ஓர் அறையே போதும் என்பது என் கருத்து. பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால், அல்லது குழந்தைகள் இருவர் இருந்தால், உள்கதவுள்ள இரண்டு அறைகளுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. குழந்தை இரவு எட்டு மணிக்குத் தூங்கிய பின், நடுக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் அடுத்த அறையில் விளக்கைப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம் என்பது சிறிய வசதி அல்ல.

இனாம் என்று சொன்னதை அலட்சியமாக விட வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்கள் பல, சாதாரண அறையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை தாமாகவே கணக்கில் ஏற்றுகின்றன. சில நிறுவனங்கள் மிகச் சிறு குழந்தைகளுக்கு விலக்கு தருகின்றன; சில தருவதில்லை. விளம்பரத்தில் தெரியும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

2. குழந்தையின் வயதைப் புறப்படும் தேதியை வைத்துப் பாருங்கள்

பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ கரை தொடாமல் செல்லும் பயணங்களுக்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் விதி. முன்பதிவு செய்யும் நாளில் உள்ள வயதை யாரும் பார்ப்பதில்லை. கப்பல் ஏறும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளும் சலுகை 2 வயது வரைதான் என்பதால், திரும்பும் நாளுக்குள் பிறந்தநாள் வந்துவிடுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பெற்றோர் பலர் கடைசியில்தான் அறிவது: டயப்பர் போடும் குழந்தையைக் கப்பலின் நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பரையும் ஏற்பதில்லை. சில கப்பல்களில் மட்டும் அத்தகைய குழந்தைகளுக்கெனத் தனியாக நீர் விளையாட்டிடம் உண்டு. குழந்தைகள் மன்றத்திலும் பொதுவாக 3 வயது நிறைந்து, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளையே சேர்க்கிறார்கள்.

3. பணம் கட்டுவதற்கு முன் பாஸ்போர்ட்டை முடியுங்கள்

ஆண்டின் சில மாதங்களில் சென்னையிலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் கப்பல் புறப்படுகிறது. இந்தியத் துறைமுகங்களை மட்டும் தொடும் பயணமானால் பெரியவர்களுக்கு அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையும் குழந்தைக்கு ஆதாரோ பிறப்புச் சான்றோ போதும். இலங்கைக்குப் போகும் பயணத்துக்கும், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கும் கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். பயணம் முடியும் தேதிக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் அது செல்ல வேண்டும்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கிறது. நம் பக்கத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மருத்துவமனையில் பிறப்பைப் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். பெயர்க் கட்டம் காலியாகவே சான்றிதழ் வந்துவிடும். தொட்டில் போட்டுப் பெயர் சூட்டிய பிறகு, அதைப் பதிவாளரிடம் போய்ச் சேர்க்க மறந்துவிடுவோம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சான்றிதழில் பெயர் இல்லாமல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நகர்த்தவே முடியாது.

குழந்தையின் விண்ணப்பத்தோடு பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஸர் டி’ உறுதிமொழி வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சிறார் கட்டணம் 1,000 ரூபாய். 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் 10 விழுக்காடு தள்ளுபடி. தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாய். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். சிறாரின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகள்தான் செல்லும் என்பதால், மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் அதன் காலாவதித் தேதியையும் எடுத்துப் பாருங்கள்.

4. ஒரே குடும்பம் என்பதற்குத் தாளில் ஆதாரம் வையுங்கள்

நம்மிடையே எல்லோருக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. குழந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் தந்தையின் பெயர் இருக்கும். தந்தையின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் இருக்கும். தாயின் பாஸ்போர்ட் திருமணத்துக்கு முன் எடுத்ததாக இருந்தால் அங்கே இன்னொரு தாத்தாவின் பெயர் இருக்கும். இரண்டு அறை என்றால் இரண்டு முன்பதிவு எண்கள். அவற்றுக்குள் நான்கு வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருந்தால், கப்பல் நிறுவனத்தின் கணினிக்கு நீங்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத நான்கு பயணிகள்தான்.

ஆகவே முகவர் பெயர்களை ஏற்றும்போது பாஸ்போர்ட்டின் நகலைக் கையில் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றச் சொல்லுங்கள். ஆதாரில் உள்ளதுபோல முன்னெழுத்தைச் சேர்த்துவிடுவது வெகு சாதாரணமாக நடக்கிறது. ஆங்கிலத்தில் அச்சான பிறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவுச் சான்றிதழையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரில் யாரும் வராமல் தாத்தா பாட்டியோடு மட்டும் பேரக்குழந்தை போவதாக இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று பெற்ற ஒப்புதல் கடிதம் இல்லாமல் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு.

5. தள வரைபடத்தில் கதவைக் கண்ணால் பாருங்கள்

இரண்டு அறைகள் பக்கத்தில் இருக்கின்றன என்பது ஒன்று. இரண்டுக்கும் நடுச்சுவரில் கதவு இருக்கிறது என்பது வேறொன்று. பின்னதைத்தான் கனெக்டிங் அறைகள் என்கிறார்கள். முகவரிடம் பேசும்போது ‘உள்ளுக்குள் கதவு இருக்கும் அறை’ என்று விளக்கமாகவே சொல்லுங்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் கப்பல்களுக்கு டெக் பிளான் எனப்படும் தள வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் அறை எண்களுக்கு மேலேயும் இடையேயும் சிறு குறிகள் தெரியும். இரண்டு அறைகளுக்கு நடுவே இருபக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருந்தால், பெரும்பாலும் அதுதான் உள்கதவைக் குறிக்கும்; மூன்றாவது ஆளுக்கான சோஃபாக் கட்டில், மேலிருந்து இறங்கும் கட்டில் ஆகியவற்றுக்கு முக்கோணம், நட்சத்திரம் போன்ற வேறு குறிகள் இருக்கும். குறிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், வரைபடத்தின் ஓரத்தில் உள்ள விளக்கத்தைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களுக்கு ஒரே வரைபடம் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலில் போவதானால் இது வெறும் வசதியல்ல, அவசியம். அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்பதையும் அதே வரைபடத்தில் பாருங்கள். நடன அரங்குக்கு நேர் மேலே உள்ள அறையில் குழந்தை தூங்காது. பால்கனி அறை எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுவைக்கலாம்: சில கப்பல்களில், பக்கத்துப் பக்கத்து அறைகளின் பால்கனித் தடுப்பைப் பணியாளர் திறந்து விடுவார். உள்கதவுள்ள அறைகள் தீர்ந்துபோனால் இது ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் சிறு குழந்தை இருக்கும் வீட்டாருக்குப் பால்கனி வழியாகப் போக்குவரத்து என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6. எண் வந்த பிறகு பணம் கட்டுங்கள்

உள்கதவுள்ள அறைகள் எந்தக் கப்பலிலும் மொத்த அறைகளில் ஒரு பகுதிதான். பள்ளி விடுமுறைக் காலத்தில் அவைதாம் முதலில் தீரும். மே மாத விடுமுறைக்கு முந்தைய ஆண்டின் தீபாவளிக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால், அங்கிருந்து புறப்படும் கப்பல்களில் அந்த மாதங்களிலும் நெரிசல்தான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் முகவரிடமிருந்து மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் பெற வேண்டியவை இவை: இரண்டு அறைகளின் எண்கள், அவற்றுக்கு நடுவே உள்கதவு உண்டு என்ற உறுதி, இரண்டு முன்பதிவுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன என்ற தகவல், ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணை. ‘கோரிக்கை போட்டிருக்கிறோம்’ என்ற பதில் உறுதி ஆகாது.

விலை குறைவாகத் தெரியும் ‘கியாரண்டி’ வகையைத் தொடவே வேண்டாம். அதில் அறையின் வகைக்கு மட்டும்தான் உத்தரவாதம். எண்ணைப் பின்னால் நிறுவனமே தன் விருப்பப்படி ஒதுக்கும். ஒன்று ஐந்தாம் தளத்திலும் மற்றொன்று ஒன்பதாம் தளத்திலும் கிடைத்தால் கேள்வி கேட்க முடியாது. இதே காரணத்துக்காக, முன்பதிவுக்குப் பிறகு ‘கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் மேல்வகை அறை’ என்று வரும் அழைப்பையும் ஏற்காதீர்கள். ஓர் அறை மட்டும் இடம் மாறிவிடும். இலவசமாகக்கூட அறையை மாற்றக் கூடாது என்று முன்பதிவிலேயே குறிப்பு எழுதச் சொல்லலாம்.

யாரை எந்த அறையில் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். பெரியவர் இல்லாமல் சிறுவர்கள் மட்டும் இருக்கும் அறையைப் பல நிறுவனங்கள் பதிவு செய்ய விடுவதில்லை. பெற்றோர் உள்கதவுக்கு அப்பால் இருந்தால் விதிவிலக்கு தருபவர்களும் உண்டு. தாளில் ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரியவரைக் காட்டிவிட்டு, கப்பலில் விருப்பப்படி படுத்துக்கொள்வதே எளிய வழி. குழந்தையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதி அறைகளுக்கும் உயிர்காப்புப் படகில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அது நிரம்பிவிட்டால், உங்கள் அறையில் கட்டில் காலியாக இருந்தாலும் கைக்குழந்தையைக்கூடச் சேர்க்க முடியாது.

மீதிப் பணத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பயணத்துக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன் கேட்கும். அந்தத் தேதி தாண்டினால் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். வெளிநாட்டுத் தொகுப்பாக வாங்கினால், ஜி.எஸ்.டி.யோடு டி.சி.எஸ். எனப்படும், விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரியையும் பிடிப்பார்கள். இதில் டி.சி.எஸ். மட்டும் திரும்பக் கிடைக்கக்கூடிய பணம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

7. விசாவைக் கடைசி மாதத்தில், ஆனால் கடைசி வாரத்தில் அல்ல

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். குழந்தைக்கும் தனி விசா. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகரிக்கப்பட்ட முகவர் தம் கட்டணத்தைத் தனியாக வாங்குவார். சிங்கப்பூருக்குள் போவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள் என்பதால், அந்தக் காலம் தொடங்கிய உடனே கொடுத்துவிடுங்கள். விசா வந்ததும் அதில் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். விமானத்தில் இறங்கும்போது ஒருமுறையும், கப்பல் பினாங்கோ புக்கெட்டோ போய்த் திரும்பும்போது இன்னொரு முறையும் நீங்கள் அந்நாட்டுக்குள் நுழைகிறீர்கள். இரண்டு நுழைவுக்கும், அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், எஸ்.ஜி. வருகை அட்டை எனப்படும் சிங்கப்பூர் நுழைவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. கப்பல் தொடும் மற்ற நாடுகளின் நுழைவு விதி அடிக்கடி மாறுவதால், மீதிப் பணம் கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

8. முந்தைய நாளே துறைமுக நகரத்துக்குப் போய்விடுங்கள்

சிங்கப்பூர் வழியென்றால் நமக்குப் பெங்களூரு விமான நிலையம்தான் பக்கம். ஆனால் அது நகரத்தின் வடக்கு முனையில் இருக்கிறது. ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் கிருஷ்ணகிரியிலிருந்து போட்ட கணக்கெல்லாம் தவறிவிடும். சென்னைத் துறைமுகத்துக்கு வாணியம்பாடி, வேலூர் வழியாகக் காரில் போகலாம்; தருமபுரிக்காரர்கள் மொரப்பூரில் ரயிலேறலாம். எப்படிப் போனாலும் கப்பல் புறப்படும் நாள் காலையில் கிளம்பும் திட்டம் வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். விமானம்போல அடுத்தது என்று ஒன்று கிடையாது.

மின்கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, நீட்டிப்பு வயர்ப் பலகை ஆகியவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். குழந்தைக்கு ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பழக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய சிக்கல். வீட்டில் அரைத்து டப்பாவில் போட்ட மாவு மறுக்கப்படலாம். ஆலையில் முத்திரையிட்ட பொட்டலமாக, வெந்நீர் ஊற்றினாலே கரையும் வகையை வாங்கிச் செல்லுங்கள். வெந்நீர் பஃபே உணவகத்தில் எந்நேரமும் கிடைக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்க் ஒன்று இருந்தால் இரவுக்கும் கவலையில்லை. குழந்தைத் தொட்டில் பெரும்பாலும் இலவசம். எண்ணிக்கை குறைவு என்பதால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வாந்தி மருந்தை ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம், எடைக்கு ஏற்ற அளவை எழுதி வாங்குங்கள். கப்பல் மருத்துவமனையின் கட்டணம் மிக அதிகம்; பயணக் காப்பீடு கப்பல் பயணத்துக்கும் செல்லுமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

9. ஏறிய முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

நடுக்கதவு பூட்டியே இருக்கும். பெரும்பாலும் அது இரண்டு கதவுகள், அறைக்கு ஒன்றாக. பணியாளர் வந்து இரண்டையும் திறந்து விட வேண்டும். சில அறைகளில் கதவை மறைத்துச் சோஃபாவையோ மேசையையோ போட்டிருப்பார்கள், அதை நகர்த்தித் தருவார். திறந்தபின் கதவைச் சுவரோடு நிறுத்தி வைக்கும் கொக்கி வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கப்பல் சாயும்போது பூட்டப்படாத கனமான கதவு தானாக ஆடிவந்து மூடும். குழந்தையின் விரல் கீல் பக்கம்தான் போகும். குளியலறை வாசற்படி உயரமாக இருக்கும், தடுக்கும்.

ஒவ்வொரு பெரியவருக்கும் மற்ற அறைக்கான சாவி அட்டை வேண்டுமென்று வரவேற்பு முகப்பில் கேளுங்கள். தாளில் காட்டிய அறைப்படி ஒரு சாவிதான் தந்திருப்பார்கள். குழந்தையின் கையில் கட்டும் பட்டையில் அவசரகாலக் கூடுமிடத்தின் குறியீடு இருக்கும். இரண்டு அறைக்கும் ஒரே கூடுமிடம்தானா என்று சரிபார்த்து, வேறாக இருந்தால் அவசரகாலப் பயிற்சி தொடங்கும் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கும் அறைக்கு ஒன்றாக ஓடும். ஒரே கடன் அட்டையில் இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். கடைசி இரவில் இரண்டு அறையின் பட்டியலையும் தனித்தனியாக அச்சிட்டு வாங்கி, குழந்தையின் பெயரில் ஏறியிருக்கும் இனாமைப் பாருங்கள். விலக்குள்ள வயதாக இருந்தும் ஏற்றியிருந்தால் இறங்குவதற்கு முன் கேட்டால்தான் நீக்குவார்கள்.